இரண்டாம் பாகமும் கட்டைக் கரும்பும்

ஆறு வருடங்களுக்கு முன் இதே இடத்தில் நான் எழுதிய ஒரு பத்தி என்னுடையது இல்லை. அதிலிருந்த கருத்து ஒரு வாசகியுடையது. அவர் பெயரைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம்... மறக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

விஞ்ஞானக் கதைகளின் இரண்டாம் பாகங்கள் ஏன் பெரும்பாலும் சோபிப்பதில்லை என்பதுதான் அந்தப் பத்தி. பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டாம் பாகம் என்பது கட்டைக் கரும்பு என்று ஆரம்பிக்கும். கரும்பை வெட்டியபின் நிலத்தில் நிற்கும் அடிக்கட்டை மறுபடி துளிர்த்து வளர்வதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். புதிதாக நட வேண்டியதில்லை. அதனாலேயே சிலர் சும்மா இருந்துவிடுவார்கள். விளைச்சல் சோடை போகும். எழுத்தாளர்களும் அப்படித்தான் — முதல் பாகம் விட்ட வேரை நம்பிச் சும்மா இருக்கிறார்கள். விண்கலத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்குகிறார்கள். வெட்டும்போதே கட்டையை உயரமாக விட வேண்டும் என்று பத்தி முடியும்.

நல்ல உவமை, இல்லையா? ஒரு மாதம் பாராட்டு வந்தது. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதைச் சொன்னவர் தனலட்சுமி. கரியமாணிக்கத்தில் கரும்பு போடுகிறவர். மோட்டார் ஓடும் நேரத்தில் கொட்டகையில் உட்கார்ந்து படிப்பார். ஒரு மடை பாய்வதற்குள் ஓர் அத்தியாயம். படித்ததைப் பற்றி இன்லேண்ட் லெட்டரில் மடிப்பு ஓரம் வரை எழுதி எனக்கு அனுப்புவார். விண்வெளிக் கதைகள் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். துப்பறியும் நாவல்களை இரண்டு முறை படிப்பார். முதல் முறை, கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை, எழுதியவர் யோக்கியரா என்று தெரிந்துகொள்ள. தடயங்களை ஒழுங்காக வைத்திருக்கிறாரா, அல்லது கடைசி அத்தியாயத்தில் எங்கிருந்தோ ஒருவனைக் கூட்டிவந்து இவன்தான் என்று கை காட்டுகிறாரா... அதெல்லாம் இரண்டாம் வாசிப்பில்தான் பிடிபடும் என்பார்.

அந்தப் பத்தி வெளிவந்தபின் அவர் கடிதங்கள் நின்றுபோயின. ஏன் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

சென்ற மாதம் கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவர் பத்தியில் வரும் என் போட்டோவை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். கட்டைக் கரும்பு எழுதினது நீங்கள்தானே என்றார். தலையாட்டினேன். கரும்பு போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் காலேஜில் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவன். வில்லியனூரில் என் வீட்டு விவசாயம் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டி. அதைச் சொன்னேன்.

“அதான பாத்தேன்” என்று சிரித்தார். “கட்டய ஒசரமா வுடணும்னு எழுதிட்டீங்க. எங்க ஊர்ல இன்னும் சொல்லிச் சிரிப்போம். ஒசரமா வுட்டா மேலாலயே மொளைக்கும் சார், காத்தடிச்சா சாஞ்சுடும். தரையோட சீவணும்.”

அவர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

தனலட்சுமி சரியாகத்தான் எழுதியிருந்தார். தரையோடு சீவ வேண்டும் என்றுதான். முதல் பாகத்தின் புகழை வெட்டி எறிந்துவிட்டு அடியிலிருந்து புதிதாக முளைக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன கருத்து. எடுத்த இடம் தெரியாமலிருக்க நான் கொஞ்சம் மாற்றினேன். மாற்றியதில் கருத்தே தலைகீழாகிவிட்டது. எதையும் இரண்டு முறை படிக்கிற வாசகிக்கு இதைவிட நல்ல தடயம் வேண்டுமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய இன்லேண்ட் லெட்டரில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு கரியமாணிக்கம் போனேன். வாசலில் இருந்த அவர் கணவர் என்னைக் கரும்புக் கொல்லைக்கு அழைத்துப்போனார். “இந்தா, உன் கரும்பு வாத்தியாரு வந்துகீறாரு பாரு” என்று தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

தனலட்சுமி மடையைத் திருப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தார். நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

“பேர் போடாததுகூட போவுது சார்” என்றார். “படிச்சா சொல்றதுக்கு ஒரு ஆளு ஓணும். இங்க யாருகிட்ட போயி ராக்கெட்டப் பத்திப் பேசறது? உங்ககிட்ட சொன்னேன். நீங்க அத உங்குளுது ஆக்கிக்கினீங்க. அப்பறம் நான் இன்னாத்த எழுதறது?”

அவர் பெயரைப் போட்டு எல்லாவற்றையும் பத்தியில் எழுதிவிடுகிறேன் என்றேன்.

“எழுதுங்க. ஆனா மொதல்ல கட்டயத் திருத்துங்க. இல்லன்னா அந்தத் தப்பும் என் பேருல வந்துடும்.”

ஆகவே திருத்தம்: கட்டையைத் தரையோடு சீவ வேண்டும். சொன்னவர் கரியமாணிக்கம் தனலட்சுமி.

இந்தமுறை அவர் பார்க்காமல் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்து, இந்தப் பத்தியை எழுதி அவருக்குத் தபாலில் அனுப்பினேன். பென்சில் குறிகளோடு திரும்பி வந்தது. விண்வெளிக் கதைகள் அவருக்கு உயிர் என்று எழுதியிருந்தேன். உயிரை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘அவ்வளவு இல்லை’ என்று போட்டிருந்தார்.

மன்னித்தாரா? தெரியாது. அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் கூடவே ஓர் இன்லேண்ட் லெட்டர் இருந்தது — ஆறு வருடங்களுக்குப் பிறகு, மடிப்பு ஓரம் வரை எழுதியது. ஒரு விஞ்ஞானக் கதையின் மூன்றாம் பாகத்தைப் பற்றிய அவருடைய கருத்து. முடிவில், ‘இது உங்களுக்கு மட்டும். பத்திக்கு இல்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

பிரமாதமான கருத்து. சொல்ல மாட்டேன்.