அப்பாவின் பதில் ஏறாத கேசட்

ஜெலாப்பாங் நகரத்தில் நாலு லாரி நிற்கும் பட்டறை, மாடி வீடு, கோயில் மண்டபத்துக்கு இரும்புக் கூரை. எல்லாம் மூன்றாம் ஆண்டோடு பள்ளியை விட்ட இந்தக் கை எழுப்பியவை. ஆனால் எங்கள் குடும்பம் ரப்பர் தோட்டத்தை விட்டு அங்கே வந்ததே என்னால்தான் என்பதை ஒருத்தரும் ஒத்துக்கொள்வதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவருக்கும் அம்மாவுக்கும் எழுத்து வராது. ஒரே கேசட் தபாலில் போய்வரும். அம்மா பேசி அனுப்புவார், அப்பா அதன் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவார்.

அந்த முறை அம்மா கேசட்டில் அப்பாவிடம் கேட்டார். "ஜெலாப்பாங் பேக்டரியில வேல குடுக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். பிள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போவட்டா, வேணாமா? நீங்க சொல்றதுதான்."

இவ்வளவு பெரிய பேச்சு வழியில் அழிந்துபோனால்? கேசட்டின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் ஏறாது, பாட்டு அழியவே அழியாது என்று சித்தப்பா எங்கள் எல்லாருக்கும் செய்து காட்டியிருந்தார். ஆணியால் நெம்பி இரண்டையும் உடைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாசக் கடைசிக்கு முதல் நாள் கேசட் திரும்பி வந்தது. ரப்பர் பால் வாளியைக் கழுவாமலே வைத்துவிட்டு அம்மா டேப்பை அமுக்கினார். கேட்டது அம்மாவின் குரலேதான். போவட்டா, வேணாமா? மறுபக்கம் வெறும் இரைச்சல்.

"அண்ணன் கோவத்துல ஒங்க பேச்ச ஒங்களுக்கே அனுப்பிட்டாரு அண்ணி. போவாதீங்க லா," என்றார் சித்தப்பா.

அம்மா கேசட்டை வெளியே எடுத்தார். விரல் அதன் முதுகில் ஊர்ந்து ஓட்டையில் நின்றது. என்னைப் பார்த்தார். ரோத்தான் பிரம்பு இறங்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவரு வேணாம்னு சொல்லலியே," என்றார் சித்தப்பாவிடம். பிறகு என்னிடம், "துணியெல்லாம் மூட்ட கட்டுடா."

அம்மா எதையும் கண்டுபிடிக்கவில்லை, தப்பித்தேன் என்றுதான் அன்று நம்பினேன். பலகாலம் அப்படியே நம்பினேன்.

தீபாவளிக்கு ஜெலாப்பாங் வீட்டைத் தேடி வந்த அப்பா வாசலிலேயே கத்தினார். "அர மணி நேரம் தொண்ட கிழிய பேசுனேனே, போவாதேன்னு! ரெக்கார்டு பண்ற செவப்பு பட்டன் எறங்கவே இல்ல, கட்டவிரலால அமுக்கிப் புடிச்சிக்கிட்டுல்ல பேசுனேன்!"

"எனக்கு ஒன்னும் கேக்கலியே," என்றார் அம்மா, சோற்றைப் போட்டுக்கொண்டே.

இப்போது தங்கை மகன் போடும் குடும்ப மலரில், அம்மாவின் துணிச்சலால் நகரத்துக்கு வந்தோம் என்று எழுதியிருக்கிறான். எழுதட்டும், உண்மைதான். ஆனால் கேசட்டை உடைத்தது மூத்த மகன் என்று அதற்கு அடுத்த வரியிலேயே வர வேண்டும். அதைச் சேர்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.