படகுக்குக் காத்திருந்த இரத்தம்

போர் உக்கிரமாக இருந்த நாட்களில் நான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். விரல் நகத்தளவான சிப் ஒன்றினுள் ஒளியைச் செலுத்துவோம். மாரடைப்பு வந்தவரின் இரத்தத்தில் கூடும் ஒரு புரதம் அந்தச் சிப்பின்மேல் ஒட்டினால் உள்ளே ஓடும் ஒளி சற்று மாறும். கால் மணி நேரத்தில் நோயைச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அந்தப் புரதத்தை உப்புநீரில் கலந்து கொடுத்தால் சிப் சரியாகச் சொன்னது. இரத்தம் என்றதும் குழம்பிப்போனது.

மூதூரில் கணக்கு ரீச்சராக இருந்த அக்காவுக்கு ஒருநாள் தொலைபேசியில் இதை விளக்கினேன்.

"முடிஞ்சதும் எங்கட ஆஸ்பத்திரிக்கும் ஒண்டு கொண்டு வா. இஞ்ச சோதிக்கிறதுக்கு இரத்தத்தைப் படகில ஏத்தித் திருகோணமலைக்கெல்லோ அனுப்புறவை" என்று சிரித்தாள்.

அடுத்த மாதம் ஒரு காலை அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்.

"அக்காவுக்கு விடியத் தொடங்கி நெஞ்செரிவு. வேர்த்துக் கொட்டுது. ஈசீஜியில ஒண்டும் தெளிவில்லையாம். வாய்வோ இருதயமோ எண்டு இரத்தம் பார்த்தாத்தான் தெரியுமாம். இரத்தம் எடுத்தாச்சு, படகு ஓடேல்லை."

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையிலான குடாக்கடலில் சண்டை. தரைப்பாதையும் மூடியிருந்தது.

அக்கா தொலைபேசியை வாங்கினாள். "எனக்கு ஒண்டுமில்லையடி. ராத்திரிச் சாப்பிட்ட நண்டு வேலை காட்டுது."

"ஓம் அக்கா, வாய்வாத்தான் இருக்கும். படுத்திருங்கோ" என்றேன். மாரடைப்பைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட நான்தான் அப்படிச் சொன்னேன்.

பிற்பகலில் ஒரேயொரு படகை விட்டார்கள். ஷெல்பட்ட ஆட்களால் அது நிரம்பியிருந்தது. அக்காவுக்கும் இடம் பார்த்தார்களாம். "அவையைக் கொண்டு போங்கோ. எனக்கு இப்ப சுகம்" என்று மறுத்துவிட்டாள். அவளுடைய இரத்தம் மட்டும் ஐஸ் பெட்டியில் போனது.

பொழுதுபடும் நேரம் அக்கா போய்விட்டாள். மாரடைப்புத்தான் என்ற முடிவு மறுநாள் காலை வந்தது.

பாதை திறந்து நான் மூதூர் போய்ச் சேர ஐந்து நாளாயிற்று. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அத்தான் கதிரையில் தனியே இருந்தார்.

"உங்கட அந்தச் சாமான் இஞ்ச இருந்திருந்தா, அவ தப்பியிருப்பாவோ?"

இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து அந்த ஆஸ்பத்திரியில் இருந்ததை நான் விசாரித்து அறிந்திருந்தேன். முடிவு தெரியாமல் அதைப் போட மருத்துவருக்குத் துணிவு வரவில்லை.

"இல்லை அத்தான். தப்பியிருக்க மாட்டா" என்றேன்.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அதுவரை அவர் அழவேயில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் பிறகு சொன்னார்.