பொடி போடாத குடுவை

பேய், செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வேதியியலில் ஆராய்ச்சி செய்தவன், முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு ஐந்து வருஷம் ரயிலில் போய் வந்தவன். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்தது இதுதான்.

நிக்கலோடு துளி பிளாட்டினம் சேர்த்து ஒரு கறுப்புப் பொடி செய்வேன். ஹைட்ரசீன் என்கிற ரசாயனம் கலந்த தண்ணீரில் அதைப் போட்டால் ஹைட்ரஜன் குமிழி குமிழியாக வரும். வாயுவை சிலிண்டரில் அடைத்துச் சுமக்காமல் திரவமாகவே கொண்டுபோய், வேண்டுகிற இடத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் கனவு. பொடி இல்லாவிட்டால் அந்தத் திரவம் சும்மா கிடக்கும்.

பக்கத்து மேஜைக்காரன் செல்வம், புவனகிரிக்காரன். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். 2010 வாக்கில் அவன் கொரியாவுக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, என் செய்முறை அவன் பெயரில் அச்சாகியிருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. அதோடு விட்டானா? கடைசியாக நான் செய்து சீல் வைத்திருந்த பொடி பாட்டிலையும் காணோம். மறுபடி பிளாட்டினம் வாங்க வழியில்லை, பொடி இல்லாமல் எனக்குப் பட்டமும் இல்லை. வயிறு எரிந்தது, வேறென்ன சொல்ல.

எங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூஜைக்கு முதல்நாளே கருவிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி படைத்துப் பூட்டிவிடுவோம். விஜயதசமி வரை எதையும் தொடக்கூடாது. பூஜை நாளன்று மத்தியானம், நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடலாம் என்று நான் மட்டும் போனேன். கரண்டு இல்லை. மேஜையில் என் குடுவை, குங்குமப் பொட்டோடு. பொடி போடுவதற்கு முன் வெறும் திரவத்தைச் சோதிப்பது வழக்கம், முந்தின நாள் அப்படி ஊற்றிய பிறகுதான் பாட்டிலைக் காணோம் என்று தெரிந்தது, ஊற்றியதைக் கொட்ட மறந்திருந்தேன்.

அதிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது.

குடுவைக்குள் கிடந்து திரவத்தைக் கிளறும் காந்தத்தில் பழைய பொடி ஒட்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது முந்தின நாள் பிரித்த புதுக் காந்தம். வாயு சேரும் குழாயில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. குடுவையின் அடியில் கறுப்பாக ஏதோ சேர ஆரம்பித்து, ஒரு சிட்டிகை அளவாகி, மெல்ல நகர்ந்து காந்தத்தில் போய் ஒட்டியது. சத்தியமாக என் கண்ணால் பார்த்தேன். குடுவையைக் கழற்றிக் கையில் எடுத்தேன். 

அப்போது போன் அடித்தது. செல்வம், அழுதுகொண்டே பேசினான்.

"மச்சான், ஏன்டா இப்டி பண்ண? இங்க எல்லாரையும் நிக்கவச்சி ஒன் பாட்டில தொறந்தேன்டா. நீ சுத்துன சீலு அப்டியே இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. மானமே பூடுச்சு. காலி பாட்டில மூடி வச்சி ஏமாத்திட்டியே, துரோகி!"

திருடியவன் அவன். அவன் என்னைத் துரோகி என்கிறான். 'நான் எடுக்கலடா' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பொடி சேர்ந்த குடுவை என் கையில்தானே இருந்தது.

அந்தப் பொடியை வைத்துத்தான் பட்டம் வாங்கினேன். அவனை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அன்று போனில் அவன் அழுதது நடிப்பில்லை. யாராவது என்னை டாக்டர் என்று கூப்பிட்டால், இன்றைக்கும் அந்த அழுகைதான் முதலில் காதில் விழுகிறது.