விசாரிக்க வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள், பெண் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அடுத்த வீட்டுக்குத்தான் வருவார்கள். காரைச் சர்ச்சுப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். பாதித் தம்ளர் குடிப்பதற்குள் பேச்சு அந்தப் பிள்ளையிடம் போய்விடும். 'தங்கமான பிள்ளை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லி அனுப்புவது அயல்வீட்டாரின் கடமை. நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கோபம் வந்தால் பாத்திரத்தைத் தூக்கி எறிகிறவளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

கருங்கல் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்த அன்று எனக்கு மனசே சரியில்லை. என் மகளைப் பார்த்துவிட்டுப் போன வீட்டார் முந்தின நாள்தான் வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். நிறம் குறைவாம். அவர்கள் மகன் என்னவோ பாலிலேயே பிறந்தவன்! அடுத்த வீட்டுக்காரியோ, துபாய் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வருகிறது என்று காலையிலேயே முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே மகள், தகப்பன் இல்லாதவள். முப்பது வயதாகிவிட்டது. இத்தனை நாளில் கைகூடி வருகிற இடம் இது ஒன்றுதான் என்று எனக்கும் தெரியும்.

வயிறு எரிந்தது. வேறென்ன சொல்ல?

"பிள்ளைக்குச் சுகக்கேடு ஒண்ணும் இல்லியே?" என்று மூத்தவள் கேட்டாள்.

"ஒருக்கா வலிப்பு வந்துது. பொறவு வரல்ல."

பொய் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது என் அடுக்களையில்தான் விழுந்தாள். வீட்டில் நானும் அவளும் மட்டும். தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். தெளிந்ததும் என் கையைப் பிடித்து, "அம்மைட்ட செல்லாதீங்க மாமி, அப்பா செத்து ஒரு மாசம்கூட ஆவல்ல" என்று அழுதாள். நானே நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை என்றார். அதோடு சரி, நாங்கள் இருவரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். நான் ஒரே ஒரு உண்மையைச் சொன்னேன். தம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு இருவரும் வந்த வழியே திரும்பினார்கள். அடுத்த வீட்டில் ஏத்தம்பழ பஜ்ஜி போட்டு, சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தரகர் அவர்களுக்குப் போனில் காரணத்தைச் சொல்லிவிட்டார். அந்த வியாழக்கிழமை வீட்டு ஜெபம் அவர்கள் வீட்டில். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டபோது அந்தத் தாய் உடைந்துபோனாள்.

"எனக்க பிள்ளைக்கு வலிப்பாம்! எந்த நாசமாப் போனவளோ வாய் கூசாம இப்பிடி ஒரு பொய்யைச் செல்லியிருக்கா. அவளுக்க நாக்கு புழுத்துப் போவும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மைனி, நீங்களே இவளுக்க தலையில கைவச்சு ஜெபம் பண்ணுங்க."

எழுந்து போனேன். போகாமல் இருக்க முடியுமா? அந்தத் தலையில் கைவைத்து, 'ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு விரோதமாப் பேசின நாவை...' என்று தொடங்கினேன். மேலே வரவில்லை. நான் துக்கத்தில் தடுமாறுகிறேன் என்று நினைத்து மற்றவர்கள் சத்தமாக ஆமென் சொன்னார்கள். சீ, என்ன பிறவி நான்!

எல்லோரும் எழுந்ததும் தாய் காப்பி எடுக்க உள்ளே போனாள். மகள் பாயைச் சுருட்டிக்கொண்டே என் அருகில் வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"அம்மைக்கு இங்க உங்கள விட்டா வேற ஆளில்ல, மாமி. அவ அது பொய்யின்னே நெனச்சிட்டு இருக்கட்டும்" என்றாள்.

உள்ளேயிருந்து அவள் தாய் எனக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்டாள்.