துரைசானியின் ஹீல்ஸ் செருப்பு

ஓசூரில் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த எண்பதுகளில், பெண்களை வேலைக்கு எடுத்த ஒரு கம்பெனி ஐந்தடி உயரம் கேட்டது. வேலை செய்கிற பெஞ்சு எட்ட வேண்டுமாம். நான் பத்தாவது பாஸ். உயரத்தில்தான் இரண்டு விரற்கடை பெயில். வேலை கிடைக்காவிட்டால் அஞ்செட்டியில் மாடு கன்றோடு இருந்த ஒருவருக்கு என்னைக் கட்டிவைப்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவர் உயரம் எதுவும் கேட்கவில்லை.

அத்தைதான் வழி சொன்னாள். சின்ன வயதில் பெங்களூரில் ஒரு துரைசானி வீட்டில் ஆயாவாக இருந்தவள். துரைசானி சீமைக்குக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போன ஹீல்ஸ் செருப்பையும் கைப்பையையும் அத்தனை வருடமும் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். பூஜை ஒன்றுதான் செய்யவில்லை.

"பொடவைய எறக்கிக் கட்டு கண்ணு. உள்ள என்னா இருக்குதுன்னு எவன் குனிஞ்சி பாக்கப் போறான்?"

செருப்பு என் காலுக்குப் பெரிது. முனையில் பஞ்சு திணித்தோம். கைக்குட்டையும் வாசனைப் புட்டியும் மட்டுமே சுமந்து பழகிய பை, என் சர்டிபிகேட்டைப் பொட்டலமாக மடித்த பிறகுதான் வாயை மூடியது. பஸ்ஸை விட்டு இறங்கி சரளைக்கல் ரோட்டில் நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் துரைசானி இன்னொரு தடவை கப்பலேறியிருப்பாள்.

ஆபீசர் அறைக்கு வெளியே பெண்களின் செருப்புகள் குவிந்துகிடந்தன. கழற்றச் சொல்லி போர்டு எதுவும் இல்லை. எங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பெரிய மனிதர் உள்ளே உட்கார்ந்திருந்தாலே கால் தானாகச் செருப்பை உதறிவிடும். நானும் உதறிவிட்டு, தடுக்கிய கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சுவரில் ஐந்தடிக்குப் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே நின்ற பிறகுதான் உறைத்தது. "கொஞ்சம் இருங்க சார், உயரத்த வெளிய உட்டுட்டு வந்துட்டேன்" என்று சொல்லவா முடியும்? மேஜைக்கு அடியில் பூட்ஸ் காலை ஆட்டிக்கொண்டே ஆபீசர், "அடுத்த ஆள வரச் சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"வேல போனா போவுது. பெரிய மனுசங்க முன்னால செருப்போட நிக்காம வந்தியே, அது போதும்" என்றாள் அத்தை.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முகத்தில் அப்படியொரு பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே அஞ்செட்டிக்கு ஆள் அனுப்பி, பெண் ரொம்ப அடக்கம் என்று சொல்லவைத்தார்கள்.