பீடிக் கட்டில் ஒட்டிய முகம்

போன வாரம் விழுப்புரம் ஜங்ஷனில் அண்ணியைப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பீடிக் கட்டின் லேபிள். அதில் சிரித்துக்கொண்டிருந்தது... என் பெரியப்பா மகன் ஆறுமுகம் அண்ணனின் முகம்.

அண்ணன் ராஜபார்ட் நடிகர். திண்டிவனத்தில் அவர் நாடகம் என்றால் பெருமுக்கலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

"எல்லாரும் மிதிச்சிக்கினு போறாங்க தம்பி. எத்தினியத்தான் பொறுக்குவேன்?" என்றார் அண்ணி. முந்தானை முடிச்சில் இன்னும் நாலைந்து லேபிள். "வீட்டுல அவரு படம் ஒண்ணுகூட இல்ல. நின்னு புடிச்சிக்க அவருக்கு ஏது நேரம்?"

லேபிளில் இருந்த விலாசத்தைப் பார்த்து இருவரும் நேரே பீடி முதலாளியின் கடைக்குப் போனோம்.

முதலாளி கெட்டவர் இல்லை — அதுதான் சங்கடம். அண்ணி யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றார். நாற்காலி போட்டார். அவர் தலைக்கு மேல் மாலை போட்ட போட்டோ. வேஷமில்லாத அண்ணன், கீழே கையெழுத்து.

"நான் அவரோட ரசிகனும்மா. ஜனங்க மறந்துடக் கூடாதுன்னுதான் லேபிள்ல போட்டேன். இந்தப் படத்தக்கூட அவரே என் கையில குடுத்தாரு."

அண்ணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வச்சிக்கத்தானே குடுத்தாரு? ஒட்டறதுக்கா குடுத்தாரு?"

செத்தவரின் முகம் யாருக்குச் சொந்தம்? ரசித்த ஊருக்கா, கட்டிய மனைவிக்கா? எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்ல அவரும் இல்லையே...

அண்ணி முடிச்சை அவிழ்த்து, கசங்கிய லேபிள்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். ஒன்றில் செருப்புத் தடம். முதலாளி அதைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே அழுதுவிட்டார்.

"இனிமே அச்சடிக்கலம்மா" என்று சுவரிலிருந்த படத்தைக் கழற்றி நீட்டினார்.

அண்ணி வாங்கவில்லை. "அது உங்களுக்குக் குடுத்தது. நீங்களே வச்சிக்குங்க. எனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடுங்க, போதும்."

நேற்று முதலாளியே கண்டமங்கலத்தில் அண்ணி வீட்டுக்கு வந்து, கண்ணாடி போட்ட படத்தை மாட்டிவிட்டுப் போனார். அண்ணி வெகுநேரம் அதன் எதிரில் நின்றார்.

"வூட்டுக்கு வர்றதுக்கு இத்தினி நாளாச்சா?"

அண்ணன் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார் — உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.