மாப்பிள்ளைக்கு லாரியில் என்ன வேலை?

சீனப் போர் முடிந்த பிறகு வந்த ஒரு சாரல் காலம். குற்றாலத்தில் சீசனுக்கு எடுத்திருந்த வாடகை வீட்டில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அருவியில் குளிக்க வந்த சாக்கில் இரண்டு குடும்பமும் சந்தித்துக்கொள்வது அப்போது வழக்கம். பிடிக்காவிட்டால் குளித்துவிட்டுப் போனதாக இருக்கட்டும் என்ற முன்யோசனைதான்.

மாப்பிள்ளை தென்காசிக்காரர், விமானப்படையில் இருந்தார். கேள்வி கேட்கும் உரிமை என் தாய்மாமாவுக்கு. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்தவர். பழத்தை உருட்டிப் பார்ப்பது போலவே ஆளையும் பார்ப்பார்.

"ஏரோபிளேன் ஓட்டுதியளா?"

"இல்ல மாமா."

"துப்பாக்கி பிடிக்கியளா?"

"அது எப்பவாச்சும்தான்."

"பின்ன என்னதான் வேலை பாக்கிய?"

"லாரியோட ஊர் ஊராப் போவோம். அதுக்கு மேல சொல்லக் கூடாது மாமா."

"அப்பம் லாரி கிளீனரா? இல்ல, சமையலா?" என்றார் மாமா. கூடம் முழுக்கச் சிரிப்பு. சமையல் என்றால்தான் என்ன கேவலம்? தின்கிற வாய்தானே சிரித்தது!

மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சொல்லித் தொலையேம்லே" என்று மகனிடம் கெஞ்சினார். மாப்பிள்ளையின் முகம் சிவந்து போயிற்று. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. "வேலையில்லாத பயலுக்குப் பொண்ணு கிடையாது" என்று மாமா துண்டை உதறி எழுந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் வெளியே வந்துவிட்டேன். "நிறுத்துங்க மாமா. சொல்லக் கூடாததச் சொல்லாம இருக்காவ. எனக்கு அவியளத்தான் கட்டணும்" என்றேன். அம்மா என் கையில் கிள்ளிய கிள்ளல் ஒரு வாரம் கன்றியிருந்தது. அப்பா மட்டும் யோசித்துச் சரி என்றார். கல்யாணம் நடந்தது, மாமா முகம் கொடுக்காமலே.

அடுத்து வந்த பாகிஸ்தான் போரின்போது எங்கே போகிறேன் என்று என்னிடம்கூட அவர் சொல்லவில்லை. ஓய்வுபெற்று வெகு காலம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. எதிரி விமானம் வருவதைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கும் ரேடார் கருவியை லாரிகளில் ஏற்றி, எல்லையோரம் இடம் மாற்றி மாற்றி நிறுத்துவார்களாம். எங்கே நிற்கிறது என்று எதிரிக்குத் தெரிந்தால் முதல் குண்டு அதன் தலையில்தான் விழுமாம்.

இது மாமா காதுக்கும் போயிற்று. மறுநாளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "நான் அன்னைக்கே ஊகிச்சேன். நான் தேடிப் பிடிச்ச மாப்பிள்ளைல்லா!" எனக்கு வந்ததே கோபம்! மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்த மனிதர் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. என் வீட்டுக்காரரோ, எங்கள் வீட்டுக்கே வந்து அதைச் சொன்னவரை, "காப்பி ஆறுது மாமா, குடிங்க" என்று உபசரித்தார்.

ஒரே ஒரு பதிலில் அந்தச் சிரிப்பை அவர் அடக்கியிருக்கலாம். பெற்ற தாய் அழுதபோதும் அதைச் சொல்லாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாரே, அதை நினைத்தால் அன்று சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.